வேளாண், சூழல், வளப் பொருளியலில் முதுநிலை: கணக்கு பயமாக இருக்கிறது, படிக்கலாமா?

நாற்றங்கால்:

அனைவருக்கும் வணக்கம். வேளாண் அறிவியலில் இளநிலை முடித்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளில் பொருளியல் பக்கம் வந்தது பண்ணை மேலாண்மை என்ற ஒரே பாடம்தான். அதில் ஒரு வகுப்பு மட்டும் மனதில் அப்படியே தங்கிவிட்டது. சொட்டுநீர்ப் பாசனம் பரவிய பிறகும் பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது என்று ஆசிரியர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு சொட்டு நீருக்குக் கிடைக்கும் வருமானம் கூடினால், மிச்சமான நீரை உழவர் தரையிலேயே விட்டுவைப்பார் என்று ஏன் நினைக்கிறீர்கள், பரப்பைக் கூட்டலாம், அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறலாம் என்று அவரே சொன்னார். மண்ணையும் பயிரையும் இத்தனை நாள் படித்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து இந்தத் துறையில் முதுநிலை படிக்கும் ஆசை. ஆனால் பள்ளிக்குப் பிறகு கணக்கைத் தொடவில்லை. வகையிடல் என்ற சொல்லைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. அதோடு ஓரிடத்தில் வேளாண் பொருளியல், இன்னோரிடத்தில் சூழல் பொருளியல், வேறோரிடத்தில் மூன்றையும் சேர்த்து ஒரே பட்டம், பயன்பாட்டுப் பொருளியல் என்று இன்னொரு பெயர். எது எதற்கு என்றே புரியவில்லை. வீட்டில் வணிக மேலாண்மை படி என்கிறார்கள். படித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மழைமானி:

தம்பி, அந்த வகுப்பு மனதில் தங்கிவிட்டது என்றீர்களே, அதுவே நல்ல தொடக்கம். நான் இந்தப் பட்டம் முடித்து நீர்க் கொள்கை பக்கம் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்க்கப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். உழவர் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறார், உரம் போடுகிறார், விளைந்ததை விற்கிறார். விற்பதையும் வாங்குவதையும் பார்ப்பது வேளாண் பொருளியல். எந்தப் பயிர், எவ்வளவு உரம், நல்ல விளைச்சல் ஆண்டில் மொத்த வருமானம் ஏன் சரிகிறது (உணவின் தேவை விலைக்கு அதிகம் வளைந்து கொடுக்காது, அதனால் விலை விழும் வேகம் விளைச்சல் கூடிய வேகத்தைத் தாண்டிவிடுகிறது) என்பதெல்லாம் அங்கே. போட்ட உரத்தில் பயிர் எடுக்காத நைட்ரஜன் ஓடையில் கலந்து கீழே இருப்பவரின் குடிநீரைக் கெடுக்கிறது. அதற்கு யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. இந்தப் புறவிளைவைப் பார்ப்பது சூழல் பொருளியல். பிகூ என்ற பொருளியலாளர் 1920-இல் கெடுப்பவர் மீது வரி போடுங்கள் என்றார், கோஸ் என்ற இன்னொருவர் 1960-இல் உரிமை யாருடையது என்று முதலில் கேளுங்கள் என்றார். அந்த வாதம் இன்னும் ஓடுகிறது. மூன்றாவது, இன்று இறைத்த நீர் நாளைக்கு இல்லை. காலத்தோடு கட்டிய இந்தக் கணக்குதான் வளப் பொருளியல்.

ஆக, ஒரே வயலை மூன்று பக்கமிருந்து பார்க்கிறோம். அதனால்தான் பல இடங்களில் ஒரே துறையாக வைத்திருக்கிறார்கள்.

என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது மூன்றாவது. மரத்தை எந்த வயதில் வெட்டுவது என்று ஃபாஸ்ட்மான் என்ற ஜெர்மானியர் 1849-இலேயே கணக்குப் போட்டிருக்கிறார். மரம் வளரும் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, வெட்டினால் அந்த நிலத்தில் அடுத்த கன்று நடலாமே, அந்த வாய்ப்பும் கணக்கில் வர வேண்டும் என்பதுதான் அவர் பிடித்த நுணுக்கம். 1931-இல் ஹோட்டலிங், தீர்ந்துபோகும் கனிமத்தைப் பற்றி எழுதினார். தோண்டும் செலவு போக மிஞ்சும் விலை வட்டி விகிதத்தில் ஏறும் என்றால்தான், இன்று எடுப்பதும் நாளை எடுப்பதும் உரிமையாளருக்கு ஒன்றாகும். 1954-இல் கார்டன் மீன்பிடிப்பை எடுத்தார். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்றால், லாபம் முழுவதும் கரைந்து பூஜ்யமாகும் வரை படகுகள் சேர்ந்துகொண்டே போகும். மீனவர் பேராசைக்காரர் என்று அவர் சொல்லவில்லை. நான் விட்டுவைக்கும் மீனை அடுத்தவர் பிடிப்பார் என்ற நிலையில் நல்லவரும் வலையை வீசத்தான் செய்வார். 1992-இல் கனடா நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீனைப் பிடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. பல நூற்றாண்டுகளாக மீன் கொடுத்த கடல் அது. மாணவனாக அதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் கிணற்றுக் கேள்வியும் இதே குடும்பம்தான்.

எண்சுவடி:

//வகையிடல் என்ற சொல்லைப் பார்த்தாலே கை நடுங்குகிறது//

இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் நான் இந்தப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். கணக்கு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் பருவத்தில் மைக்ரோ பொருளியலும் (தனி ஆளும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது) எக்கனாமெட்ரிக்ஸும் (தரவைக் கொண்டு பொருளியல் உறவுகளை அளக்கும் புள்ளியியல்) சேர்ந்து வரும்போது, ஆயத்தமில்லாமல் வந்தவர்கள் தவிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அவர்களில் பலர் நல்ல அறிவாளிகள். வருவதற்கு முன் ஆறு மாதம் கிடைத்திருந்தால் தவித்திருக்க மாட்டார்கள்.

தேவைப்படும் கணக்கு பெரிய கடல் இல்லை. பகுதி வகையிடல், கட்டுப்பாட்டோடு கூடிய உச்சம் காணல், அணிகள், நிகழ்தகவு. காலத்தோடு வரும் மாதிரிகளுக்குக் கொஞ்சம் வகைக்கெழுச் சமன்பாடு. இதில் லக்ராஞ்ச் பெருக்கி என்று ஒன்று வரும். பாடப்புத்தகத்தில் அது வெறும் கிரேக்க எழுத்தாக இருக்கும். அதன் பொருளோ, உங்கள் கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது. நீர் பற்றாக்குறை என்றால், இன்னும் ஓர் அலகு நீர் இந்தப் பண்ணைக்கு என்ன பெறும் என்று அது சொல்கிறது. சந்தையே இல்லாத பொருளுக்கு ஒரு விலை. இதை நிழல் விலை என்போம். நீருக்கு ரசீது போடாத ஊரிலும் நீருக்கு நிழல் விலை உண்டு. இது புரிந்த நாளில் அந்தக் கிரேக்க எழுத்தின் மீதான பயம் போய்விடும், நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எக்கனாமெட்ரிக்ஸ் பக்கம் நம் துறைக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. விலையும் விற்பனை அளவும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன. அப்படியானால் தரவில் தெரிவது தேவைக் கோடா அளிப்புக் கோடா? 1928-இல் பிலிப் ரைட் எண்ணெய் வகைகளின் இறக்குமதி வரி பற்றிய தன் நூலின் பின்னிணைப்பில் இதற்கு வழி கண்டார். ஏக்கர் விளைச்சல் போல, அளிப்பை மட்டும் அசைத்துத் தேவையைத் தொடாத ஒன்றைப் பிடியுங்கள், அதைக் கொண்டு தேவைக் கோட்டை அளக்கலாம். இன்று எல்லாப் பொருளியல் துறைகளும் பயன்படுத்தும் கருவி மாறி முறை பிறந்தது இப்படி வேளாண் பொருள்களின் விலையை வைத்துத்தான்.

இன்னொன்று: ஷ்லெங்கரும் ராபர்ட்ஸும் 2009-இல் அமெரிக்கத் தரவை வைத்துக் காட்டினார்கள், மக்காச்சோள விளைச்சல் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தோடு மெல்லக் கூடுகிறது, அதைத் தாண்டியதும் செங்குத்தாக விழுகிறது. சோயாவுக்கு 30, பருத்திக்கு 32. சராசரி வெப்பத்தை மட்டும் போட்டு ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவில் அளக்கும் கணக்கு) ஓட்டியிருந்தால் இந்த உடைப்பு கண்ணிலேயே பட்டிருக்காது. உங்களுக்குப் பயிர் தெரியும். பொருளியலிலிருந்து வருபவர்களுக்கு அது தெரியாது. பூக்கும் காலத்து வெப்பமும் அறுவடைக் கால வெப்பமும் ஒன்றல்ல என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதைக் குறைவாக மதிக்காதீர்கள்.

ஏரிக்கரை:

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்தப் பட்டத்தின் முதல் ஆண்டை முடித்துவிட்டு சமூகவியலுக்கு மாறியவள் நான். காட்டுக்கும் பறவைக்கும் விலை போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு சதுப்புநிலத்தைக் காக்க எவ்வளவு பணம் தருவீர்கள் என்று கேட்டால், கையில் காசு உள்ளவரின் விடைதான் பெரிதாக வரும். அங்கேயே மீன் பிடித்து வாழ்பவரின் விடை சின்னதாக வரும். அந்த இரண்டையும் கூட்டி ஒரு தொகை சொல்வதில் நியாயம் எங்கே?

அப்புறம், பொதுவளம் என்றாலே பாழாகும் என்று 1968-இல் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதியதை வேதவாக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ன செய்தார்? சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், நேபாளத்தின் வாய்க்கால் பாசனம் என்று நேரில் போய்ப் பார்த்தவர்களின் பதிவுகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து, மக்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்டு தலைமுறைகளாகப் பொதுவளத்தைக் காத்து வந்திருக்கிறார்கள் என்று காட்டினார். அவர் படித்தது அரசியல் அறிவியல். 2009-இல் பொருளியல் நோபல் அவருக்குக் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். தம்பி எங்கே சேர்ந்தாலும் இதற்கு இடமுள்ள துறையா என்று பார்த்துச் சேருங்கள்.

மழைமானி:

ஏரிக்கரை அக்கா சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். தருவதற்கான விருப்பம் என்பது தருவதற்கான வசதியோடு சேர்ந்தே வருகிறது. நல்ல துறையில் இதை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பார்கள். யாருடைய இழப்புக்கு எவ்வளவு எடை என்பதை ஆய்வாளர் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்ட்ரம் இல்லாத வளப் பொருளியல் பாடத்திட்டம் இன்று குறையுள்ளது என்பதையும் ஏற்கிறேன். கார்டன் சொன்னது யாரும் நுழையலாம் என்ற நிலை. பொதுச் சொத்து வேறு, கதவே இல்லாத சொத்து வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் விலையே போடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கடலில் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. மீனவரின் இழப்பைச் சந்தை விலையில் சொல்லிவிடலாம். அந்தக் கரையை ஒருநாளும் போய்ப் பார்க்காத, ஆனால் அது கெடாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற மக்களின் இழப்பு? அதற்கு எண் இல்லையென்றால் நட்டஈட்டுக் கணக்கில் அந்த வரியே இருக்காது. அதனால்தான் மக்களிடம் நேரடியாகக் கேட்கும் மதிப்பீட்டு முறை அத்தனை சூடாக விவாதிக்கப்பட்டது. கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993-இல் அந்த முறையை ஆராய்ந்து, கடுமையான நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்றது. எவ்வளவு தருவீர்கள் என்று திறந்த கேள்வி வேண்டாம், இந்தத் தொகைக்கு ஆம் என்பீர்களா இல்லை என்பீர்களா என்று வாக்கெடுப்பு போலக் கேளுங்கள் என்பது அதில் ஒன்று.

அறம் ஒளிந்திருக்கும் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும்: கழிவு விகிதம், அதாவது வருங்காலத் தொகையை ஆண்டுக்கு எவ்வளவு குறைத்து மதிக்கிறோம் என்பது. நூறு ஆண்டு கழித்து வரப்போகும் 1000 ரூபாய் இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 250. ஐந்து சதவீதம் என்றால் 8-ஐக்கூடத் தொடாது. காலநிலை மாற்றத்தின் பொருளியல் பற்றி 2006-இல் வந்த ஸ்டெர்ன் அறிக்கை 1.4 பக்கம் நின்றது. நார்ட்ஹாஸ் என்ற பொருளியலாளர் அதைவிட மிகவும் உயர்ந்த விகிதத்தை எடுத்தார். காலநிலைக்கு இப்போதே எவ்வளவு செலவழிப்பது என்பதில் இருவரும் பிரிந்ததற்குப் பெரிய காரணம் இந்த ஓர் எண்தான். பேரப்பிள்ளைகளின் நலனுக்கு என்ன எடை என்ற கேள்வி ஒரு தசம எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் போட்ட எண்ணை அப்படியே விழுங்காமல் இருக்கவாவது படியுங்கள்.

கலப்பை:

திறந்த கேள்வி என்றதும் என் ஆய்வேடு நினைவுக்கு வந்தது. ஓர் ஏரியைத் தூர்வாரி மீட்க மக்கள் எவ்வளவு தருவார்கள் என்பது தலைப்பு. என் வழிகாட்டி படிவத்தைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். நானும் முன்னோட்டம் எதுவும் செய்யவில்லை. திறந்த கேள்வியாகவே கேட்டுவிட்டேன். நிறையப் பேர் பூஜ்யம் என்றார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: சிலருக்கு உண்மையிலேயே ஏரி தேவையில்லை, ஆனால் பலர் இதைக் கெடுத்தவன் கொடுக்கட்டும், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கோபத்தில் பூஜ்யம் சொன்னவர்கள். இரண்டு பூஜ்யமும் என் தாளில் ஒரே மாதிரி இருந்தன. காரணம் கேட்கும் ஒரு வரி அந்தப் படிவத்தில் இல்லாததால் ஒரு கோடைகாலம் முழுக்கச் செய்த களப்பணி வீணாயிற்று. ஏரிக்கரை சொல்லும் நியாயம் அந்தப் பூஜ்யங்களுக்குள்தான் இருந்தது, எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

தம்பி, களத்துக்குப் போகும் முன் முப்பது பேரிடமாவது முன்னோட்டம் செய்யுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்றாலும் செய்யுங்கள்.

நாற்றங்கால்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, அக்கா, இரண்டு முறை படித்தேன். துறை முடிவாகிவிட்டது. ஒரே வயல் மூன்று பக்கம் என்றதும் குழப்பம் போய்விட்டது. இப்போது எங்கே என்ற கேள்வி. ஓராண்டுப் படிப்பும் இருக்கிறது, இரண்டாண்டும் இருக்கிறது. சிலவற்றில் ஆய்வேடு இல்லை. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பொழில்:

பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள். மைக்ரோ ஒரு பருவமா இரண்டா, எக்கனாமெட்ரிக்ஸ் ஒன்றா இரண்டா என்பது முதல் கேள்வி. இரண்டாவது எக்கனாமெட்ரிக்ஸ் இல்லாத இடத்தில் பேனல் தரவையும் (அதே ஆட்களையோ இடங்களையோ பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த தரவு) காரண விளைவையும் அரைகுறையாகத் தாண்டிவிடுவார்கள். R அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளை வகுப்பிலேயே ஓட்டவைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

டேவிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேளாண் - வளப் பொருளியலுக்கே தனித் துறை இருக்கிறது, எக்கனாமெட்ரிக்ஸ் பக்கம் கனமானது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் நிலம், நீர், உணவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் மண்ணியல்காரரோடும் நீரியல்காரரோடும் உட்கார்ந்து படிக்கலாம், உங்கள் பின்னணிக்கு அது பொருந்தும். ஐரோப்பாவில் ஏஃபெபா என்ற இரண்டாண்டு இணைப் படிப்பு உண்டு, இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்து இரண்டு பட்டம். கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து வேளாண் - பயன்பாட்டுப் பொருளியலுக்கென்றே ஒரு கூட்டு முதுநிலையை நடத்துகின்றன. எதை எடுத்தாலும், முனைவர் பட்டம் மனதில் இருந்தால் ஆய்வேடு உள்ளதை எடுங்கள். வேலைக்குப் போக வேண்டும் என்றாலும் நான் ஆய்வேடுதான் சொல்வேன். நேர்காணலில் பேச உங்களிடம் இருப்பது அதுதான்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். பயிர்க் காப்பீடு, உணவு நிறுவனங்களில் விலைக் கணிப்பு, நீர் ஆணையங்கள், சூழல் மதிப்பீட்டு ஆலோசனை, கார்பன் சந்தை, புள்ளியியல் துறைகள், உலக உணவு வேளாண் அமைப்பு போன்றவை. வணிக மேலாண்மை படித்தவரோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்காது. தரவை எடுத்துக் கேள்விக்கு விடை காணத் தெரிந்தவர் என்று உங்களைத் தனியாகத் தேடுவார்கள்.

எண்சுவடி:

நாற்றங்கால், விண்ணப்பம் போடும் முன் ஒரு சின்ன வேலை தருகிறேன். எக்செல்லில் சால்வர் என்ற கருவி இருக்கிறது, உச்சத்தை அது தேடித் தரும். 10 ஏக்கர், 150 அலகு நீர் உள்ள ஒரு பண்ணையை எழுதுங்கள். முதல் பயிர் ஏக்கருக்கு 12 அலகு நீர் குடித்து 30 லாபம் தரும். இரண்டாவது 5 அலகு நீருக்கு 18 லாபம். மொத்த லாபம் உச்சமாகட்டும். நீரின் நிழல் விலை என்ன என்று வந்து சொல்லுங்கள்.

நாற்றங்கால்:

அக்கா, போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் என்கிறது! தப்பாக எழுதிவிட்டேனா?

எண்சுவடி:

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பத்து ஏக்கரும் முதல் பயிரே போட்டாலும் 120 அலகுதான் தேவை, 30 மிச்சம். மிச்சமிருக்கும் பொருளுக்கு நிழல் விலை இல்லை. நீரை 80 ஆக்குங்கள். பிறகு சொட்டுநீர் போடுங்கள்: முதல் பயிரின் தேவை 12-லிருந்து 9 ஆகட்டும்.

நாற்றங்கால்:

80 ஆக்கினால் நிழல் விலை 1.71 வருகிறது. முதல் பயிர் 4.3 ஏக்கர், மீதி இரண்டாவது பயிர். சொட்டுநீர் போட்டதும் முதல் பயிர் 7.5 ஏக்கராகிவிட்டது, லாபம் 231-லிருந்து 270. ஆனால் நீர் அதே 80 முழுவதும் செலவாகிறது. நிழல் விலை 3 ஆகிவிட்டது! சிக்கனம் வந்தால் நீரின் மதிப்பு குறையும் என்றல்லவா நினைத்தேன்.

மழைமானி:

அருமை. இப்போது இறைக்கும் செலவு அலகுக்கு 2 என்று சேருங்கள், சொட்டுநீருக்கு முன்பும் பின்பும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வாய்க்காலில் பாய்ந்த நீரில் ஒரு பகுதி மண்ணில் இறங்கி மீண்டும் நிலத்தடிக்கே போகும், சொட்டுநீரில் அந்தத் திரும்பும் நீரும் குறையும். நம் சின்ன மாதிரியில் அது இல்லை.

நாற்றங்கால்:

செய்தேன் அண்ணா. முன்பு: இறைப்புச் செலவு போக முதல் பயிருக்கு ஏக்கருக்கு 6, இரண்டாவதற்கு 8. அதனால் பத்து ஏக்கரும் இரண்டாவது பயிர், 50 அலகு நீர்தான். சொட்டுநீருக்குப் பிறகு முதல் பயிர் 12 ஆகிவிடுகிறது, 7.5 ஏக்கர் அதற்கே போகிறது, நீர் 80.

50 இருந்த இடத்தில் 80. அந்த வகுப்பில் கேட்ட கேள்வி இதுதான். நேற்று இரவு தூங்கவில்லை. அடுத்த ஆண்டு நீர்மட்டம் இறங்கி இறைக்கும் செலவு கூடுவதை இதில் எப்படிச் சேர்ப்பது?

எண்சுவடி:

எக்செல்லில் ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை என்று இருபது நெடுவரிசை போடுங்கள். இந்த ஆண்டு இறைத்தது அடுத்த ஆண்டின் செலவை எவ்வளவு கூட்டுகிறது என்று ஒரு வரி, பிறகு கழிவு விகிதம். முதலில் ஒரே உழவர் கிணற்றுக்குச் சொந்தக்காரர் என்று வைத்து ஓட்டுங்கள், அப்புறம் அதே நிலத்தடி நீரை இருவர் இறைப்பதாக மாற்றுங்கள். கோப்பை அனுப்புங்கள், பார்க்கிறேன்.